சனிக்கிழமை வண்டி

டயருக்குக் காற்று காலையில்தான் பிடிக்க வேண்டும். வண்டி ஓடி, வெயிலும் ஏறிய பிறகு பிடித்தால், சூட்டில் உள்ளே இருக்கிற காற்று உப்பி அளவைக் கூட்டிக் காட்டும். மறுநாள் பார்த்தால் டயர் தொய்ந்து கிடக்கும். சின்ன விஷயம்தான். பன்னிரண்டு வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "காத்து எப்பிடி இருக்குன்னு பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ரைட்டர் ஐயா. எஸ்.ஐ. ஐயாவுக்கு இது எதற்கு என்று தோன்றுவது முகத்திலேயே தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது. என்னை யாரும் பிடித்துவரவில்லை. ராஜபாளையத்திலிருந்து காலை பஸ் ஏறி, நானாகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்காரவைத்து காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள். வெயில் முகத்தில் அடிக்கிறது, பரவாயில்லை. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் நான் போய்ப் படுத்துக்கொள்வேன். எங்கே படுக்கச் சொன்னாலும் சரி. நன்றாகத் தூங்கி ஒரு வாரமாகிறது.

பெயர் ஐயாதுரை. வயது ஐம்பத்தெட்டு. ராணுவத்தில் பதினெட்டு வருஷம் வண்டி மெக்கானிக்காக இருந்து, அவில்தாராக வெளியே வந்தேன். எழுபத்தொன்பதில் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டேன். வாடகை சைக்கிள் கடை தெருவுக்கு ரெண்டு இருந்தது. வாடகை மோட்டார் சைக்கிள் என்னிடம் மட்டும்தான். மூன்று வண்டி. இங்கே கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருகிறவர்கள் எடுப்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் எடுப்பார்கள். லீவு நாளில் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகிற மில் பையன்கள் எடுப்பார்கள்.

வாடகை வண்டி என்றால் எவனுக்கும் இரக்கம் கிடையாது. சொந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைப்பவன், வாடகை வண்டியை எருமையை ஓட்டுகிற மாதிரி ஓட்டுவான். அதனால் சாவியைக் கொடுக்கும் முன்னால் ஐந்து விஷயம் சொல்வேன். குனிந்து டயரைப் பார். செயினை விரலால் தூக்கிப் பார், முக்கால் அங்குலத்துக்கு மேல் ஆடக்கூடாது. இரண்டு பிரேக்கையும் பிடித்து விட்டுப் பார். ஆயிலைப் பார். கண்ணில் படுகிற நட்டு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார். மொத்தம் மூன்று நிமிஷம் ஆகும். ராணுவத்தில் இதற்கு முதல் பரேடு என்று பெயர். அதைச் செய்யாமல் ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது. இங்கே என்னடாவென்றால், நான் பேசி முடிப்பதற்குள் கிக்கரை மிதித்திருப்பார்கள். "ஒங்க வண்டிக்கு என்ன அண்ணாச்சி, நீங்க பாத்தா அம்புட்டுந்தான்" என்பார்கள். அதைப் புகழ்ச்சி என்று வேறு நினைத்துக்கொள்வார்கள்.

சலித்துப் போயிற்று எனக்கு. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்வான்?

ராணுவத்தில், வடக்கே எங்களுக்கு வண்டி பழக்கிய வாத்தியார் ஒருவர் இருந்தார், உஸ்தாத் என்போம். வாயால் சொல்லி எவனும் திருந்தமாட்டான் என்பது அவர் கட்சி. காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குறையை வைத்துவிடுவார். ஒன்றில் பிளக் வயரைக் கழற்றியிருப்பார், ஒன்றில் நட்டைத் தளர்த்தியிருப்பார். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காதவனைக் கேட்டுக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்துவார். மைதானத்தைச் சுற்றித் தவளை மாதிரி தாவவேண்டும். மூன்றே மாதத்தில் நாங்கள் வண்டியைப் பார்க்காமல் காலைத் தூக்கிப் போடமாட்டோம் என்றாகிவிட்டது. வண்டியைப் பற்றி நான் கற்ற ஒரே நல்ல பாடம் அதுதான்.

எண்பத்து நான்கில் அதை நானும் ஆரம்பித்தேன்.

முதலில் சின்னதாகத்தான் வைத்தேன். கண்ணாடியைத் தளர்த்தி வைப்பேன். ஹாரன் வயரை உருவி வைப்பேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு டயரில் காற்றைக் குறைத்தேன், செயினைத் தொய்ய விட்டேன். அதையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் பாடத்தைக் கூட்டத்தானே வேண்டும்? முன் பிரேக் கேபிளுக்கு வந்தேன். எந்தக் குறையும் குனிந்தால் கண்ணுக்குத் தெரிவதாகத்தான் இருக்கும். இன்ஜினுக்குள் கைவைத்ததில்லை. அது அநியாயம், உஸ்தாத் அதை ஒருநாளும் செய்யமாட்டார்.

விழுந்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு நானே டிஞ்சர் போட்டுவிட்டேன். செட்டியார்பட்டிக்காரர் ஒருவருக்குக் காரை எலும்பு முறிந்தது. அருவிக்குப் போன பையன் ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. "ரோட்டுல மணலு கெடந்துச்சு அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்" என்று சொல்லி, வண்டியில் கீறல் விழுந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அப்போதுகூட வண்டியைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல.

குறையோடு கிளம்புகிறவனை நான் வாசலில் நிறுத்தவில்லையா என்று கேட்கிறீர்களா? உஸ்தாத் கேட்டிலேயே நிறுத்திவிடுவார், உண்மைதான். அவருக்கு இளகிய மனசு.

சீனிச்சாமி வந்தது எண்பத்தாறு கார்த்திகையில். பஞ்சு மில்லில் ஃபிட்டர், இருபத்தெட்டு வயது இருக்கும். பெண்டாட்டி செல்லத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர் வேலை, அங்கேயே தாய் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை நாலரை மணிக்கு ஷிப்டு முடிந்து வந்து வண்டி எடுப்பான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். பஸ்தான் அடிக்கடி ஓடுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். "வாரத்துல ஒரு நாளாவது அவ பின்னாடி உக்காந்து வரட்டுமே அண்ணாச்சி. செண்பகத்தோப்பு வரைக்கும் போயிட்டு வந்தா அவளுக்கு அம்புட்டு சந்தோசம்" என்றான். வரும்போது எங்களுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கிவருவான். என் வீட்டுக்காரி ஜெயபாய்க்கு அவனைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும்.

முதல் நாள் நான் ஐந்து விஷயத்தையும் சொல்லி முடிக்கும் வரை அவன் சாவிக்குக் கை நீட்டவில்லை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். டயர், செயின், பிரேக் என்று வரிசையாகப் பார்த்தான். அன்றைக்கு வைத்திருந்தது செயின். கண்டுபிடித்துவிட்டான். மடியிலிருந்து தன் ஸ்பேனரை எடுத்து முடுக்கினான், மில் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தான், ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டான். நான் கடைக்குள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐயா. இத்தனை வருஷத்தில் ஒருத்தன்.

அதற்குப் பிறகு எனக்கு வாரம் என்றாலே சனிக்கிழமைதான். காலையிலேயே அவனுக்கு உரிய வண்டியைத் தனியே தள்ளி நிறுத்தி, அவனுக்கு உரியதை வைத்துவிடுவேன். கண்டுபிடித்தால் அடுத்த வாரம் அதைவிடக் கஷ்டமானது. அவன் சளைக்கவில்லை. ஒருமுறைகூட என்னிடம் வந்து குறை சொன்னதில்லை. நல்ல சிப்பாய் குறையைச் சரிசெய்வானே தவிர அதைப் பற்றிப் பேசமாட்டான். எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்ததாகவே நினைத்தேன். சில வாரம் மற்ற இரண்டு வண்டியில் நான் வைத்ததும் காணாமல் போயிருக்கும். வைக்க மறந்துவிட்டோம் போல என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் கிளம்பும்போது, "அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல கண்ணு முகாம் போடுதாங்களாம். நானே பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன், செத்த நேரந்தான் ஆகும், வாரீங்களா?" என்று கேட்டான். பால்கோவா வாங்கிவருகிற பையன் இதையும் மரியாதைக்குக் கேட்கிறான் என்று நினைத்து, வேண்டாம் என்றேன். அவன் மறுபடியும் ஒருமுறை கேட்டான்.

எண்பத்தேழு புரட்டாசி, சனிக்கிழமை. அன்றைக்கு அவனுக்கு வைத்தது இதுதான்.

கையில் வாங்கிப் பாருங்கள். காட்டர் பின் என்போம். கொண்டை ஊசி மாதிரி இரண்டு காலாக இருக்கிறதல்லவா? பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரத்து பிரேக் தட்டும் சேர்ந்து சுற்றிவிடாமல் ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். கம்பியின் முனையில் ஒரு நட்டு. அந்த நட்டு கழலாமல் இருக்க இந்தப் பின். பின்னை உருவிவிட்டு, நட்டைக் கையால் திருகுகிற அளவுக்குத் தளர்த்தி வைத்தேன். மெதுவாகப் போகிற வரை ஒன்றும் தெரியாது. ஓங்கி மிதித்தால் கம்பி பிய்த்துக்கொண்டு வரும், சக்கரம் அப்படியே இறுகிவிடும். அதுவரை நான் வைத்ததிலேயே பெரியது அதுதான். அவன் அந்த அளவுக்குத் தேறியிருந்தான்.

நாலரைக்கு வரவேண்டியவன் காலை பதினொரு மணிக்கு ஓடிவந்தான். மில் சட்டையோடு வந்தான். மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, மில்லுக்கு போன் வந்துச்சு. அவளுக்கு வலி கண்டுருச்சாம், ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். சாவியக் கொடுங்க" என்றான். அதற்கு முன் இரண்டு கலைந்து, ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. எனக்கும் தெரியும், ஜெயபாய்க்கும் தெரியும்.

சாவியைக் கொடுத்தேன்.

அவன் குனியவில்லை. ஏறி உட்கார்ந்தான், மிதித்தான், போய்விட்டான். ஜெயபாய் வாசலுக்கு வந்து, "ஏங்க, அந்தத் தம்பி இன்னைக்கு வண்டியக் குனிஞ்சே பாக்கல. கூப்பிடுங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் எப்போதும் செய்கிறதைச் செய்யவில்லையே என்று மட்டும்தான் சொன்னாள். தெரு முனையில் மாட்டு வண்டி மறித்ததால் அவன் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். "போகட்டும்" என்றேன்.

வன்னியம்பட்டி விலக்குக்கு வந்தபோது ஆட்டு மந்தை குறுக்கே போயிருக்கிறது. ஓங்கி மிதித்திருக்கிறான். பாலத்துக் கல்லில் தலை மோதியது. ஆடு மேய்த்த பெண் ஓடிப்போய்த் தூக்கியபோது, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று சொன்னானாம். அவனுக்காகச் சொல்லவில்லை என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மத்தியானம் ஒன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செல்லத்தாய்க்கு மறுநாள்தான் சொன்னார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்தார். மோதியதில் கம்பி கழன்றிருக்கலாம் என்று எழுதினார். அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அடக்கத்துக்குப் போனேன். மாலை போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த இந்தப் பின் நெஞ்சில் குத்தியது. அப்போதுதான் அது அங்கே இருக்கிற ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து ஜெயபாய் என் வண்டியில் ஏறுவதில்லை. சர்ச்சுக்குக்கூட நடந்துதான் போகிறாள்.

நிறுத்தினேனா என்று கேட்கிறீர்கள். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் போனதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் அல்லவா? இந்த நாலு வருஷத்தில் இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. இப்போதும் கடையில் நிற்கிற இரண்டு வண்டியிலும் ஒவ்வொன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், யாரும் எடுத்துவிடக் கூடாது என்று இரண்டு சாவியையும் கொண்டுவந்திருக்கிறேன். இதோ.

எஸ்.ஐ. ஐயா இப்போது கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ரைட்டர் ஐயா. "இன்னைக்கு மட்டும் சாவிய மடில கட்டிட்டு வரத் தெரியுதுல்லா? அன்னைக்கு ஏன்யா கொடுத்தீரு?"

கேட்க வேண்டிய கேள்விதான். அவசரத்திலும் குனிந்து பார்க்கிறவன்தான் உண்மையில் பார்க்கிறவன், அன்றைக்குத்தான் அவனுக்குச் சரியான பரீட்சை என்று இதுநாள்வரை எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான். அவன் பார்க்கமாட்டான் என்று முகத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. பத்து மாதமாக நான் வைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தவன், ஒருமுறை தவறவிடட்டுமே என்று உள்ளே ஒன்று சொன்னது. தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் கூப்பிடவில்லை. மாஜிஸ்திரேட்டிடமும் இதையே சொல்கிறேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் செல்லத்தாய் போட்ட நஷ்டஈட்டு வழக்கு நடந்தது. அவள் வக்கீல் ஒரு சின்ன நோட்டை எடுத்து வாசித்தார். சீனிச்சாமியின் நோட்டு. பழைய பெட்டியில் இப்போதுதான் கிடைத்ததாம். சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தேதி போட்டு, என் வண்டியில் கண்ட குறையெல்லாம் எழுதிவைத்திருக்கிறான். நாற்பத்தாறு. அவற்றில் நாற்பத்தொன்று நான் வைத்தவை. மீதி ஐந்து எனக்கு ஞாபகம் இல்லை. அவன் ஏதோ தப்பாக எழுதியிருப்பான்.

கடைசிப் பக்கத்தை வக்கீல் இரண்டு தரம் வாசித்தார். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 'அண்ணாச்சிக்குப் பார்வை போய்விட்டது. பாவம், அவருக்கே தெரியவில்லை. சொன்னால் கடையை மூடிவிடுவார், மனசு ஒடிந்துபோவார். வாராவாரம் நாமே முடுக்கிவிடுவோம். மற்ற இரண்டு வண்டியையும் அவர் உள்ளே போகும்போது பார்த்துவிட வேண்டும், யாராவது விழுந்துவிடக் கூடாது.'

பாவமாம். என்னைப் பார்த்து.

வெளியே வேப்பமரத்தடியில் செல்லத்தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல. வக்கீலு சொன்னாருன்னுதான் நஷ்டஈடு கேக்கேன். அவிய ஒங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது. வயசானா கண்ணு மங்கத்தான செய்யும், நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லிக் கும்பிட்டாள். அந்தப் பிள்ளையையும் கும்பிடச் சொன்னாள். அதுவும் கும்பிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வழக்குக் கட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'வண்டி உரிமையாளரின் பார்வைக் குறைவாலும் கவனக்குறைவாலும் நேர்ந்த மரணம்.' பணம் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும், கடையை விற்றாவது கொடுக்கிறேன். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் சரி. ஆனால் கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை அடித்துவிட வேண்டும். பதினெட்டு வருஷ ராணுவ சர்வீசில் என் வண்டி ஒன்றுகூட என் கவனக்குறைவால் நின்றதில்லை. நான் பார்க்காமல் விட்ட நட்டு கிடையாது. அன்றைக்கு அந்தப் பின் தானாக விழவில்லை, தேய்ந்து ஒடியவில்லை. இதோ இந்தக் கையால், இந்தக் கண்ணால் பார்த்து உருவினேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

எழுதியாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எங்கே போடவேண்டும்? கோடா, எந்தக் கோடு? உங்கள் விரலை வைத்துக் காட்டுங்கள், ரைட்டர் ஐயா. ஸ்டேஷனுக்கு ஒரு நல்ல விளக்குப் போடக்கூடாதா? பகலிலேயே இங்கே இப்படி இருட்டாக இருக்கிறது.